தண்ணீருக்கு இன்னும் மார்ச் மாதம்

கேள்வி இதுதான். கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் ஒரு தம்பி போன இலையுதிர் காலத்தில் 16 அடி அலுமினியப் படகு ஒன்றை 25 குதிரைவலு எஞ்சின், ரெய்லர் எல்லாம் சேர்த்துப் பழையதாக வாங்கியிருக்கிறார். குளிர்காலம் முழுக்க அது பின்வளவில் தார்ப்பாயின் கீழ் கிடந்தது. விக்டோரியா தின நீண்ட வார இறுதியில் மனைவி, ஒன்பது வயது மகள், நாலு வயது மகன், மாமி எல்லாரையும் ஏற்றிக்கொண்டு சிம்கோ ஏரியில் முதல் ஓட்டம் ஓட விருப்பம். "என்னென்ன பார்க்க வேண்டும்? மாமிக்கு நீந்தத் தெரியாது, பரவாயில்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

தம்பி, மாமிக்கு நீந்தத் தெரியாததைப் பற்றி இப்போதைக்கு யோசிக்காதீர்கள். மே மாதத்துச் சிம்கோவில் விழுந்தால், நீந்தத் தெரிந்த உங்களுக்கும் அந்த நீச்சல் அதிக நேரம் கைகொடுக்காது. அதனால் தண்ணீரிலிருந்தே தொடங்குகிறேன்.

சிம்கோவின் பனிக்கட்டி வழக்கமாக ஏப்ரலில்தான் விலகும். விக்டோரியா தினம் மே 25க்கு முந்தைய திங்கட்கிழமை. இடையில் கிடைப்பது சில வாரங்கள்தான். ஏரியோ சுமார் 722 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஆழமான இடத்தில் 41 மீட்டர். அவ்வளவு தண்ணீரும் அதற்குள் சூடேறாது. வெளியே 24 பாகை வெயில் அடிக்கும், சனம் அரைக்கைச் சட்டையோடு நிற்கும், தண்ணீர் பத்துப் பாகையைச் சுற்றிக் கிடக்கும். யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவுக்குப் போய் வந்த எங்களுக்குத் தண்ணீர்ப் பயம் கிடையாது என்று ஒரு நினைப்பு எங்கள் ஆட்களிடம் உண்டு. அந்தக் கடலில் விழுந்தவன் அரைமணி நேரம் மிதந்துகொண்டு கூப்பிடலாம். இங்கே கணக்கு வேறு.

அந்தக் கணக்கை மனிட்டோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒன்று-பத்து-ஒன்று என்று சுருக்கிச் சொல்லிவைத்திருக்கிறார். குளிர்ந்த தண்ணீர் ஆராய்ச்சிக்காகத் தானே பலமுறை பனித்தண்ணீரில் இறங்கிய மனிதர். விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சுக்கானது. குளிர் பட்டவுடன் நெஞ்சு தானாகவே ஒரு பெரிய மூச்சை இழுக்கும், பிறகு நாய் இளைப்பதுபோல மூச்சு வாங்கும். அதை உங்களால் தடுக்க முடியாது. அந்த முதல் மூச்சை இழுக்கும்போது முகம் தண்ணீருக்குள் இருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். அடுத்த பத்து நிமிடம் கை கால் சொல்வழி கேட்கும் நேரம். அதற்குப் பிறகு விரல் மடங்காது, கயிற்றைப் பிடிக்க முடியாது, நீச்சல் வீரனுக்கும் கை ஓயும். கடைசி ஒன்று ஒரு மணித்தியாலம். உடல் குளிர்ந்து நினைவு தப்ப ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும். எங்கள் ஆட்கள் பயப்படுவது இந்தக் கடைசிக் கட்டத்துக்கு. உண்மையில் பலர் போவது முதல் இரண்டு கட்டங்களில், கரையிலிருந்து பார்த்தால் முகம் தெரியும் தூரத்தில்.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து லைஃப் ஜக்கெற். முதல் நிமிடம் முகத்தை மேலே வைத்திருக்கும், பத்து நிமிடம் முடிந்து கை ஓய்ந்த பிறகும் மிதக்க வைக்கும், மிச்ச ஒரு மணித்தியாலத்தை யாராவது வந்து தூக்கும் நேரமாக மாற்றும். ஆளுக்கு ஒன்று, அளவானது, படகில் இருக்க வேண்டும் என்பது சட்டம். உடுத்தியிருக்க வேண்டும் என்று பெரியவர்களைச் சட்டம் பொதுவாக வற்புறுத்துவதில்லை. இந்த இடத்தில் சட்டத்தை விடுங்கள், தம்பி. கதிரைக்குக் கீழே பையோடு கிடக்கும் ஜக்கெற்றைப் பத்துப் பாகைத் தண்ணீருக்குள் இருந்துகொண்டு எடுத்துப் பூட்ட யாராலும் முடியாது. கரையிலேயே பூட்டி, கரைக்கு வந்த பிறகு கழற்ற வேண்டும். நீங்களும்தான். அப்பா பூட்டாமல் நின்றுகொண்டு பிள்ளையிடம் பூட்டச் சொன்னால் அது ஐந்து நிமிடம்கூட நிற்காது.

வாங்கும்போது வயதைப் பார்க்காமல் நிறையைப் பாருங்கள். உள்பக்கத் துணியில் நிறை எல்லை அச்சிட்டிருக்கும், கனடாவில் அங்கீகரிக்கப்பட்டது என்ற குறிப்பும் அங்கேயே இருக்கும். நாலு வயது மகன் பெரும்பாலும் 14 முதல் 27 கிலோ வரையான அளவுக்குள் வருவார். மகள் 27 கிலோவைத் தாண்டிவிட்டாரா என்று வீட்டுத் தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். "அடுத்த வருசமும் போடலாம்" என்று ஒரு அளவு பெரிதாக வாங்கும் எங்கள் பழக்கம் பள்ளிக்கூடச் சப்பாத்தோடு நிற்கட்டும். சின்னவருக்கு மூன்று விஷயம் இருக்க வேண்டும்: தலையைத் தாங்கும் பெரிய கழுத்துப் பட்டை, கால்களுக்கு இடையால் வரும் வார், பின்கழுத்தில் பிடித்துத் தூக்க ஒரு கைப்பிடி. பூட்டிவிட்டு இரண்டு தோள்பட்டையிலும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜக்கெற் காதுவரை ஏறினால் அது பிள்ளைக்கு உதவாது. காற்றடைத்து ஊதும் மெல்லிய வகை பெரியவர்களுக்கு வசதிதான், ஆனால் 16 வயதுக்குக் கீழோ 36.3 கிலோவுக்குக் கீழோ உள்ளவர்களுக்கு அது அங்கீகரிக்கப்பட்டதல்ல.

மாமிக்கு ஊதும் வகை வேண்டாம், தானாகவே மிதக்கும் நுரை வைத்ததை வாங்குங்கள். முன்பக்கம் சிப்போடு இரண்டு மூன்று வார் இருப்பது அவருக்கே பூட்டக் கழற்றச் சுகம். சேலையோடு ஏற்ற வேண்டாம் என்பது என் கண்டிப்பான கருத்து. மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. ஐந்தரை மீட்டர் துணி நனைந்தால் கால்களைச் சுற்றிக் கட்டிவிடும், படகின் விளிம்பைத் தாண்டும்போது முந்தானை எதிலாவது கொழுவும். பஞ்சாபியோ தடித்த காற்சட்டையோ போதும், அதற்கு மேல் கம்பளிச் சட்டை, அதற்கு மேல் காற்றுப் புகாத ஜக்கெற், பிறகு லைஃப் ஜக்கெற். கரையில் வியர்த்தாலும், படகு மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஓடத் தொடங்கி இரண்டாவது நிமிடம் எல்லாரும் தொப்பியைத் தேடுவார்கள். பருத்தி உடுப்பு நனைந்தால் குளிரைப் பிடித்து வைத்திருக்கும், உள்ளே கம்பளியோ பொலியெஸ்டரோ நல்லது. எல்லாருக்கும் ஒரு முழு மாற்று உடுப்பைத் தண்ணீர் புகாத பையில் போட்டுப் படகிலேயே வையுங்கள். காரில் வைத்த உடுப்பு ஏரி நடுவில் உதவாது.

அடுத்தது ஆள் கணக்கு. படகின் உட்பக்கம், பெரும்பாலும் பின்பலகைக்குக் கிட்ட, ஒரு சின்னத் தகடு ஒட்டியிருக்கும். எத்தனை ஆள், மொத்தம் எவ்வளவு கிலோ, எத்தனை குதிரைவலு வரை என்று அதில் இருக்கும். ஒரு ஆளை 75 கிலோ என்று எடுத்துப் போட்ட கணக்கு அது. மொத்தக் கிலோவுக்குள் எஞ்சின், பெற்றோல், நங்கூரம், சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அடக்கம். நல்ல நாளில் போகக்கூடிய உச்சம் அது. உங்கள் தகட்டில் ஐந்து என்று இருந்தாலும் முதல் நாள் ஐந்து பேரை ஏற்றாதீர்கள்.

இன்னும் தெளிவாகச் சொன்னால், குடும்பத்தை ஏற்றுவது அந்தப் படகின் இரண்டாவது ஓட்டமாக இருக்கட்டும். முதல் ஓட்டம் நீங்களும் வாட்டசாட்டமான இன்னொரு ஆளும், நீண்ட வார இறுதிக்கு முந்தைய வாரத்தில், கரையை ஒட்டி ஒரு மணித்தியாலம். நீங்கள் வாங்கிய பிறகு அந்த எஞ்சின் தண்ணீரில் ஒருமுறைகூட ஓடவில்லை. அது என்ன குணம் காட்டும் என்பதை மாமியையும் நாலு வயதுப் பிள்ளையையும் வைத்துக்கொண்டு அறிய வேண்டியதில்லை.

அந்த எஞ்சினுக்கு இப்போதே, வீட்டில் வைத்தே, ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். போன வருடத்துப் பெற்றோல் தாங்கியில் இருந்தால் அதை நம்பாதீர்கள். எத்தனோல் கலந்த பெற்றோல் மாதக்கணக்கில் கிடந்தால் ஈரத்தை இழுக்கும், கார்புரேற்றரில் பிசின்போலப் படியும். புதுப் பெற்றோல் நிரப்புங்கள். பெற்றோல் குழாயையும் கையால் அமுக்கும் அந்த ரப்பர் குமிழையும் வளைத்துப் பாருங்கள். வெடிப்புத் தெரிந்தால் மாற்றுங்கள், பெரிய செலவில்லை. கீழே கியர்ப் பெட்டியின் அடித் திருகைச் சற்றுத் தளர்த்தி ஒரு சொட்டு எண்ணெயைப் பாருங்கள். பால் விட்ட தேத்தண்ணீர் நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அது குளிர்காலத்தில் உறைந்து பெட்டியை வெடிக்க வைத்திருக்கவும் கூடும். அப்படியானால் மெக்கானிக்கிடம்தான், வேறு வழி இல்லை.

பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கலாம், ஆனால் தண்ணீர் இல்லாமல் ஒருபோதும் வேண்டாம். இந்த எஞ்சின்களுக்கு ஏரித் தண்ணீர்தான் குளிரூட்டி. உள்ளே சின்ன ரப்பர்ச் சக்கரம் ஒன்று சுழன்று தண்ணீரை இழுக்கிறது. வறண்டு ஓடினால் அது கொஞ்ச நேரத்திலேயே கருகிப் பிய்ந்துவிடும். கீழ்க்காலில் தண்ணீர் இழுக்கும் துளைகளுக்கு இரண்டு பக்கமும் கௌவிக்கொள்ளும் ரப்பர்க் கிண்ணங்கள் கடையில் கிடைக்கும். அதில் தோட்டக் குழாயைப் பூட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டு எஞ்சினை இயக்குங்கள். பக்கத்தில் ஒரு சின்ன ஓட்டையால் தண்ணீர் மெல்லிய தாரையாகப் பாய வேண்டும். பாயாவிட்டால் உடனே நிறுத்துங்கள். ஓட்டையைக் குளவியோ சிலந்தியோ அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அதற்கும் வராவிட்டால் அந்த ரப்பர்ச் சக்கரம் மாற்ற வேண்டிய நேரம். இந்தத் தாரையைப் பார்க்கும் பழக்கம் ஏரியிலும் தொடரட்டும்: ஸ்டார்ட் பண்ணியவுடன் கண் முதலில் அங்கேதான் போக வேண்டும்.

நிறுத்தும் சிவப்புச் சுருள் கயிற்றையும் அப்போதே பரிசோதியுங்கள். அதை இழுத்தால் எஞ்சின் அந்தக் கணமே நிற்க வேண்டும். ஓட்டும் ஆளின் மணிக்கட்டிலோ ஜக்கெற்றிலோ அது எப்போதும் கொழுவியிருக்க வேண்டும். ஓட்டுபவர் விழுந்து, படகு மட்டும் வட்டம் அடித்துக்கொண்டு அவர்மேலேயே திரும்பி வருவது உண்மையில் நடக்கிற விபத்து. பற்றரி இருந்தால் ஏற்றி வையுங்கள், தண்ணீருக்குள் சுழன்று படகைத் தள்ளும் சுழலியின் ஊசியைப் பாருங்கள். குளிர்காலத்தில் தார்ப்பாயின் கீழ் எலி குடித்தனம் நடத்தியிருந்தால் வயர்களைக் கடித்திருக்கும், அதையும் ஒருமுறை தடவிப் பாருங்கள்.

ரெய்லர் பற்றி நீட்டவில்லை. ரயர்க் காற்று, விளக்குகள், சக்கர அச்சின் கிரீஸ், காரோடு பிணைக்கும் சங்கிலி, கொழுவும் குண்டின் அளவும் ரெய்லர் வாயின் அளவும் ஒன்றா என்பது. ஒன்று மட்டும் கட்டாயம் செய்யுங்கள்: ஞாயிறு விடிய ஏதாவது வெறும் வாகனத் தரிப்பிடத்தில் ரெய்லரை ரிவேர்ஸ் எடுத்துப் பழகுங்கள். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியைப் பிடித்துக்கொண்டு, ரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை அசைத்தால் சரிவரும். நீண்ட வார இறுதியில் படகை இறக்கும் போட் ராம்பில் பின்னால் பத்து வாகனம் வரிசையில் நிற்கும்போது முதல்முறை பழகினால், அன்றைய சண்டை படகு தண்ணீரைத் தொட முதலே தொடங்கிவிடும்.

ராம்புக்கு வந்ததும் வரிசையில் நுழையாமல் ஒதுங்கி நின்று ஆயத்தப்படுத்துங்கள். சாமான்களை ஏற்றுங்கள், பின் வார்களைக் கழற்றுங்கள், ரெய்லர் விளக்கின் வயரைப் பிடுங்குங்கள், எஞ்சினின் கீழ்க்காலை மேலே தூக்கி வையுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ட்ரெயின் பிளக். படகின் பின்பக்க அடியில், பெருவிரல் போகும் அளவில் ஒரு ஓட்டை இருக்கும். மழைத்தண்ணீர் வடிய அதைத் திறந்து வைப்பது வழக்கம். அதை மூடாமல் இறக்கினால் படகு உள்ளே நிரம்பத் தொடங்கும், ஆட்கள் ஏறி அமர்ந்து கொஞ்சத் தூரம் போன பிறகுதான் காலடி நனைவது தெரியும். ஒவ்வொரு வசந்தத்திலும் ஏதோ ஒரு ராம்பில் யாரோ ஒருவருக்கு இது நடக்கிறது. பிளக்கைக் கார்த் திறப்போடு கோர்த்து வைப்பவர்கள் உண்டு. பிளக் படகில் இல்லையென்றால் காரையே எடுக்க முடியாது என்ற ஏற்பாடு. மற்றது, ரெய்லரின் முன்னால் படகை இழுத்துப் பிடிக்கும் வின்ச்சின் கொழுக்கியைப் படகு மிதக்கும்வரை கழற்ற வேண்டாம். ராம்ப் சரிவு. கழற்றினால் படகு வழுக்கிக் கொங்கிறீற்றில் விழும்.

இனி ஏரி. சிம்கோதான் என்று முடிவெடுத்திருந்தால் நான் குறுக்கே நிற்கவில்லை, ஆனால் என்னைக் கேட்டால் முதல் குடும்ப ஓட்டத்துக்கு ஸ்கூகொக் ஏரி போவேன். போர்ட் பெரி ஸ்காபரோவிலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள். அந்த ஏரியின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டருக்கும் குறைவு. ஆழமில்லாத தண்ணீர் மே வெயிலுக்குச் சீக்கிரம் சூடு பிடிக்கும், எந்த நேரமும் கரை கிட்டத்தில் இருக்கும். கோடையில் களை வளர்ந்து சுழலியைச் சுற்றும் தொல்லை மே மாதத்தில் அவ்வளவு இருக்காது. காற்று எழும்பினால் ஆழமில்லாத ஏரியில் அலை குட்டையாய், செங்குத்தாய் அடிக்கும் என்பதை மட்டும் மனதில் வைத்திருங்கள். ஜக்கெற் விதி அங்கேயும் அதே விதிதான்.

சிம்கோவே வேண்டும் என்றால் தெற்கே குக்ஸ் குடாவுக்குள் நில்லுங்கள். வடமேற்குக் காற்று அடித்தால் திறந்த ஏரியின் முழு நீளத்தையும் தாண்டி வரும் அலை தென்கரையில்தான் வந்து மோதும். காலையில் கண்ணாடிபோலக் கிடந்த தண்ணீர் மதியத்துக்குப் பிறகு வெள்ளை நுரை கக்கும். ஆகவே விடிய இறங்கி மதியச் சாப்பாட்டுக்குக் கரை ஏறிவிடுங்கள். காலநிலைச் செய்தியில் வெப்பநிலையைப் பார்ப்பதைவிடக் காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள். மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் சொல்லியிருந்தால், 16 அடிப் படகும் மாமியும் பிள்ளைகளும் என்ற கூட்டணிக்கு அந்த நாள் சரிவராது. ரோல்ஸையும் தேத்தண்ணீரையும் கரைப் பூங்காவில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். அதிலும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம்தான்.

படகுக்குள் மாமி நடுப்பலகையில், முகம் முன்பக்கம் பார்க்க. பிள்ளைகள் அவருக்கு முன்னே தரையோடு ஒட்டி, உங்கள் மனைவி அவர்களோடு. முன்மூக்கில் காலைத் தொங்கப்போட்டு இருக்க மகள் கேட்பார். படங்களில் அழகாகத்தான் இருக்கும். விடாதீர்கள், அங்கிருந்து விழுபவர் நேரே சுழலியை நோக்கித்தான் போவார். ஓடும்போது யாரும் எழும்பக் கூடாது. இடம் மாற வேண்டுமென்றால் எஞ்சினை நியூட்ரலில் போட்ட பிறகு, ஒருவர் முடித்த பின் மற்றவர், குனிந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. பெரிய படகு ஒன்று அலை எழுப்பிக்கொண்டு போனால் வேகத்தைக் குறைத்து அந்த அலையைச் சரிவாக வெட்டுங்கள். பக்கவாட்டில் வாங்கினால் படகு ஆடும் ஆட்டத்தில் மாமி அடுத்தமுறை வரமாட்டார்.

எஞ்சின் நடுவில் நின்றுவிட்டால் முதல் வேலை நங்கூரம். மூடியைத் திறந்து எஞ்சினோடு மல்லுக்கட்டும் நேரத்தில் காற்று உங்களைக் கல்லிலோ நடு ஏரியிலோ கொண்டுபோய் விட்டிருக்கும். நங்கூரம் பிடித்த பிறகு மூன்றைப் பாருங்கள். சிவப்புக் கயிறு கழன்றிருக்கிறதா, பெற்றோல் குழாய் சரியாகப் பூட்டியிருக்கிறதா, தாங்கி மூடியின் மேலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா. அந்த மூன்றாவதுதான் புதிய ஆட்களை ஏய்ப்பது. பயணத்தில் பெற்றோல் சிந்தாமல் இருக்க அதை மூடுவார்கள், பிறகு திறக்க மறப்பார்கள். எஞ்சின் ஐந்து பத்து நிமிடம் ராசாபோல ஓடும், தாங்கிக்குள் காற்று இல்லாமல் போனதும் மூச்சடைத்து நிற்கும். ரப்பர்க் குமிழ் சப்பையாய் ஒட்டிக் கிடந்தால் காரணம் இதுதான். திருகைத் திறந்து, குமிழை அமுக்கி இறுகியதும் ஸ்டார்ட் கயிற்றை இழுங்கள், பிடிக்கும்.

யாராவது விழுந்தால் நீங்கள் குதிக்கக் கூடாது. உடனே எஞ்சினை நியூட்ரலுக்கு எடுங்கள். மனைவியின் வேலை விழுந்தவரிடமிருந்து கண்ணை எடுக்காமல் கையால் காட்டிக்கொண்டே இருப்பது. மெதுவாக அணுகி, கிட்ட வந்ததும் எஞ்சினை முழுதாக நிறுத்தி, மிதக்கும் கயிற்றை எறியுங்கள். அந்தக் கயிறு குறைந்தது 15 மீட்டர் இருக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கடினம் அதற்குப் பிறகுதான்: நனைந்த உடுப்போடு ஒரு பெரிய ஆளைப் படகுக்குள் ஏற்றுவது. ஒரு மடிப்பு ஏணி வாங்கிப் பின்பக்கம் பூட்டுங்கள், வீட்டில் ரெய்லர்மேல் வைத்தே ஏறிப் பழகுங்கள். படகு கவிழ்ந்தால் எல்லாரும் படகோடு நில்லுங்கள். இந்தப் படகுகளின் பலகைகளுக்குக் கீழ் பெரும்பாலும் நுரை வைத்திருக்கும், கவிழ்ந்தாலும் தாழாது. தூரத்திலிருந்து ஒரு தலை தெரியாது, கவிழ்ந்த படகு தெரியும். பிள்ளைகளை நடுவில் விட்டுப் பெரியவர்கள் சுற்றி அணைத்துக்கொள்ளுங்கள். கரை கிட்ட என்று நீந்தத் தொடங்குபவர்கள் அந்தப் பத்து நிமிடத்தை மறந்துவிடுகிறார்கள்.

கட்டாய சாமான்கள் இன்னும் சில உண்டு: தண்ணீர் புகாத டோர்ச் அல்லது ஆபத்தில் உதவி கேட்டு விடும் மூன்று வாணம், விசில், தண்ணீர் இறைக்க ஒரு வாளி, துடுப்பு அல்லது 15 மீட்டர் கயிற்றோடு நங்கூரம். துடுப்பா நங்கூரமா என்று சட்டம் தெரிவு தருகிறது, இரண்டையும் வையுங்கள். விசிலை ஒவ்வொரு ஜக்கெற்றிலும் கட்டலாம். தொலைபேசி தண்ணீர் புகாத உறைக்குள், உங்கள் உடம்பில் இருக்கட்டும், பைக்குள் வேண்டாம். எந்த ராம்ப், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் இருக்கும் ஒருவருக்கு எழுதி அனுப்பிவிட்டு இறங்குங்கள்.

கடதாசி வேலை: மோட்டார் பூட்டிய படகை ஓட்டும் எவருக்கும், வயது எதுவாக இருந்தாலும், படகோட்டி அட்டை வேண்டும். 2009 செப்டம்பரிலிருந்து இது எல்லாருக்கும் பொருந்தும். இணையத்தில் படித்துப் பரீட்சை எழுதலாம், எடுத்தால் வாழ்நாள் முழுக்கச் செல்லும். உங்கள் மனைவியும் எடுப்பது நல்லது, உங்களுக்கு ஏதாவது நடந்தால் படகைக் கரைக்குக் கொண்டுவர ஒருவர் வேண்டும். 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் என்றால் படகுக்கு உரிம இலக்கமும் வேண்டும். பழைய சொந்தக்காரரின் பெயரிலிருந்து அதை மாற்றிக்கொள்ளுங்கள், விற்ற ரசீதைப் படகில் வையுங்கள். கரையிலிருந்து 30 மீட்டருக்குள் வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர்தான்.

பியர் பெட்டியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கூட வரும் மச்சான் யாராவது கேட்பார். ஒன்ராறியோவில் படுக்கை, சமையல், கழிவறை நிலையாக உள்ள படகு நங்கூரத்திலோ துறையிலோ நிற்கும்போது மட்டும்தான் குடிக்கலாம். உங்கள் படகில் இந்த மூன்றும் இல்லை. குடித்துவிட்டுப் படகு ஓட்டிப் பிடிபட்டால் கார் ஓட்டும் உரிமத்துக்கும் சேர்த்து வேட்டு. தூண்டில் போட விரும்பினால் 18 முதல் 64 வயது வரையுள்ளவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், பிள்ளைகளுக்கு வேண்டாம். மாமி 65 ஐத் தாண்டியவர் என்றால் அடையாள அட்டை போதும். பாஸ் மீனுக்கு அந்தப் பக்கங்களில் ஜூன் மாதத்தில்தான் காலம் திறக்கும். ஸ்கூகொக்கில் வோல்ஐ மீன் 2016லிருந்து பிடிக்கத் தடை. எதைப் பிடிக்கலாம், எத்தனை வைத்திருக்கலாம் என்பதை அந்த வருடத்து விதிமுறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கரை ஏறிய பிறகும் ஒரு வேலை இருக்கிறது. 2022 ஜனவரி முதல் ஒன்ராறியோவில், படகைத் தெருவுக்குக் கொண்டுவர முன்னரே ட்ரெயின் பிளக்கைக் கழற்றி உள்ளிருக்கும் தண்ணீரை வடிக்க வேண்டும், படகிலும் எஞ்சினிலும் ரெய்லரிலும் கொழுவியிருக்கும் களையை ஒன்றுவிடாமல் பிடுங்க வேண்டும். வரிக்குதிரைச் சிப்பி என்று ஒரு சின்னத் தொல்லைச் சிப்பி சிம்கோவில் ஏற்கெனவே குடியேறிவிட்டது, ஒரு வாளித் தண்ணீரில் அதன் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாமல் இன்னொரு ஏரிக்குப் போய்விடும். மாமியையும் பிள்ளைகளையும் காரில் சூடேற்றி இருத்திவிட்டு, ராம்புக்கு மேலே ஒதுக்கமாக நிறுத்தி இதைச் செய்யுங்கள். அடுத்த கிழமை வேறு ஏரிக்குப் போகும் எண்ணம் இருந்தால், இடையில் தார்ப்பாயை எடுத்துவிட்டு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். கழற்றிய பிளக்கைச் சட்டைப் பைக்குள் போடாமல் அந்தக் கார்த் திறப்பிலேயே கோர்த்துவிடுங்கள்.